கைப்பிடி அரிசி ஊருக்குள் போகட்டும்

டிசம்பர் பிறந்தால் திருச்சபைகளிலிருந்து எனக்கு அழைப்பு வரும்: "டாக்டர் ஐயா, ஊர் மக்களுக்கு ஒரு மருத்துவ முகாம் நடத்தித் தர வேண்டும்." போகிறேன். ஆனால் இரத்த அழுத்தம் பார்த்து ஐந்து நாள் மாத்திரையோடு அனுப்பிவைக்கும் பாட்டியின் ஆறாம் நாளை நினைத்தால் மனம் கனக்கிறது. 2021 முதல் நடக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அவரைச் சேர்த்துவிடச் சபையார் ஒருவர் துணைக்குப் போனால், மாத்திரை வீடு தேடி வரும்.

காசநோயில் இந்த இடைவெளி உயிரையே கேட்கும். வழக்கமான காசநோய்க்கு 6 மாத மருந்து. இரண்டாம் மாதம் இருமல் நின்றதும் கூலி வேலைக்குத் திரும்பி, மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். வெறும் வயிற்றில் அந்த மாத்திரை குமட்டும். அரசு தரும் ஊட்டச்சத்துத் தொகை 2024 நவம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய். வேலை இழந்த வீட்டில் அது எத்தனை நாள் தாங்கும்?

நெல்லைச் சீமையின் சபைகளில் கைப்பிடி அரிசி உண்டு. உலை வைக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனியே சேர்த்து, ஆலயத்துக்குக் கொண்டுவருவார்கள். அந்தப் பிடியை ஊருக்குள் திருப்பிவிட்ட சபை ஒன்றை அறிவேன். பெண்கள் சங்கத்தார் இருவர், வேற்று மதத்து இளைஞர் ஒருவரின் வீட்டுக்கு, அவர் சம்மதத்தோடு, அரிசியும் முட்டையும் கொண்டுபோனார்கள். "வேதத்துக்கு வரச் சொல்வீர்களோ?" என்று அவருடைய தாய் வாசலிலேயே நிறுத்திவிட்டார். "இல்லையம்மா, தம்பி மாத்திரை போட்டாரா என்று கேட்டுப் போக வந்தோம்" என்றார் ஓய்வுபெற்ற ஆசிரியை. அடுத்த வியாழக்கிழமையும் அதே நேரத்துக்குப் போனார்கள். நான்காம் வாரம் அந்தத் தாய் பாய் விரித்தார். தம்பி 6 மாதத்தையும் முடித்தார்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். நோயாளியின் பெயரை ஜெபக் குறிப்பில் வாசிக்காதீர்கள். அரிசிப் பையோடு நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். செய்தி பரவினால் தங்கையின் சம்பந்தம் தட்டிப்போகும். வேலைக்கும் கூப்பிட மாட்டார்கள். சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில் தொற்றும் தன்மை பெரிதும் குறைந்துவிடும் என்பதைப் பிரசங்க மேடையிலிருந்து எத்தனை முறை சொன்னாலும் தகும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசநோய்ப் பணியாளரைப் பாருங்கள். காசநோயாளிகளுக்கு உதவ முன்வருவோருக்காக 2022இல் தொடங்கிய நிக்ஷய் மித்ரா திட்டத்தில் சபையும் பதிவு செய்துகொள்ளலாம். உதவி பெறச் சம்மதித்த நோயாளிகளோடு உங்களை இணைத்துவிடுவார்கள். ஆறு மாதமும் தவறாமல் போகக்கூடிய இருவர் சபையில் கிடைத்த பிறகு பதிவு செய்யுங்கள்.