அடித்ததை வாங்கியதால் வகு: மேற்கு ஜெர்மனியின் ரெகியோனால்லிகா கணக்கு

இரண்டு அணிகள் சம புள்ளிகளில் நின்றால் கோல் வித்தியாசம் பார்ப்பார்கள். ஜெர்மனியின் பழைய இரண்டாம் நிலை அட்டவணைகளில் அது ஏன் சில இடங்களில் பொருந்தவில்லை என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அன்று கழிக்கவில்லை, வகுத்தார்கள்.

1963-இல் மேற்கு ஜெர்மனியின் முதல்நிலை கால்பந்து லீக்கான புண்டஸ்லிகா தொடங்கியது. அதற்கு அடுத்த படியில் வடக்கு, மேற்கு, தெற்கு, தென்மேற்கு, பெர்லின் என ஐந்து ரெகியோனால்லிகாக்கள். மேலே போக இடம் இரண்டுதான். அதனால் சீசன் முடிந்ததும் ஐந்து லீக்குகளின் முன்னணி அணிகளை இரு பிரிவாக்கித் தகுதிச்சுற்று ஆடவிட்டார்கள். பிரிவில் முதலிடம் பிடித்தால் மட்டுமே புண்டஸ்லிகா. வெற்றிக்கு 2 புள்ளி, டிராவுக்கு 1. புள்ளிகள் சமமானால், அடித்த கோல்களை வாங்கிய கோல்களால் வகுத்து, ஈவு பெரிதாக உள்ள அணிக்கு முன்னுரிமை.

இந்த வகுத்தலில்தான் விஷயமே இருக்கிறது. கழித்தலில் ஒரு கோல் அடிப்பதும் ஒரு கோலைத் தடுப்பதும் ஒன்றே. வகுத்தலில் அப்படியல்ல. 1964-65-இல் தெற்கு ரெகியோனால்லிகாவில் பயர்ன் மியூனிக் 36 ஆட்டங்களில் 146 கோல் அடித்து 32 வாங்கியது. ஈவு 4.56. இன்னொன்று அடித்திருந்தால் 147/32, அதாவது 4.59. ஒன்றைத் தடுத்திருந்தால் 146/31, அதாவது 4.71. தடுத்த கோலுக்கு அடித்த கோலைவிட ஏறத்தாழ 4.7 மடங்கு மதிப்பு! அடித்ததை, வாங்கியதில் ஒன்று குறைத்து வகுத்தால் இந்த மடங்கு நேராகவே கிடைக்கும். தோற்றுக்கொண்டே இருக்கும் அணிக்கு இது தலைகீழ்: 4/8 என்று நிற்கும் அணி ஒரு கோல் அடித்தால் 0.625, ஒன்றைத் தடுத்தால் 0.571. ஆக, ஒரே விதி பலமான அணியைத் தற்காப்புக்கும் பலவீனமான அணியைத் தாக்குதலுக்கும் தள்ளுகிறது.

தகுதிச்சுற்றில் ஆட்டங்கள் குறைவு, பகுதி எண் சிறியது, ஆகவே ஒவ்வொரு கோலும் ஈவைப் பலமாக ஆட்டும். 12:6, 14:8 (அடித்தது:வாங்கியது) என இரண்டு அணிகளை எடுத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் இரண்டுக்கும் 6. ஈவோ 2.00, 1.75. முதல் அணி மேலே போகும். இன்றைய விதியில் வித்தியாசமும் சமமானால் அதிகம் அடித்தவருக்கே இடம் என்பதால், இரண்டாவது அணி போகும்.

1966-இல் ஹாம்பர்க்கின் சாங்ட் பௌலி இந்தக் கணக்கில்தான் தவறவிட்டது. கடைசி ஆட்டத்தில் ரோட்-வைஸ் எஸ்ஸனை வென்று புள்ளியில் சமமானது. எஸ்ஸன் வாங்கிய கோல்கள் இரண்டு குறைவு, புண்டஸ்லிகாவுக்கு எஸ்ஸனே போனது. இதைத் துரதிர்ஷ்டம் என்று சொல்வதை ஏற்க முடியவில்லை. விதி எந்தக் கோலுக்கு அதிக விலை வைத்ததோ, அந்தக் கோல்தான் தீர்மானித்தது.

1969-70 முதல் ஜெர்மனி கோல் வித்தியாசத்துக்கு மாறியது. நல்ல முடிவு என்பேன். கோல் அடிப்பதைக் குறைத்து மதிப்பிடும் விதி ஆட்டத்துக்கு ஆகாது. 1974-இல் ஐந்து ரெகியோனால்லிகாக்கள் போய் வடக்கு, தெற்கு என 20 அணிகள் வீதம் இரண்டு லீக்குகள் வந்தன. 1981-இல் அவையும் ஒன்றாயின.

பழைய அட்டவணைகளைக் கணினியில் மறுபடி வரிசைப்படுத்துவோர் 1968-69 வரை வகுத்தே ஆகவேண்டும். சீசனின் முதல் வாரங்களில் கோலே வாங்காத அணிக்குப் பகுதி எண் பூஜ்யமாகி எக்செல் பிழை காட்டும்; அந்த அணிகளைத் தனியே பிரித்து, கோல் அடித்திருந்தால் அதே புள்ளி பெற்ற அணிகளுக்கு மேலே வைத்துவிடுங்கள்.