கதவைத் தட்டினால் யார் திறப்பார்? விர்ச்சுவல் ஆபீஸும் விர்ச்சுவல் அசிஸ்டென்ட்டும்

“ஆண்டுக்கு இவ்வளவு கட்டணம், ஜி.எஸ்.டி. நம்பர் கிடைக்கும்வரை நாங்கள் பொறுப்பு.” ஆள் உட்காராமல் கட்டணத்துக்கு முகவரியை மட்டும் தரும் விர்ச்சுவல் ஆபீஸ்களின் விளம்பரங்கள் ஏறக்குறைய எல்லாமே இதைத்தான் சொல்கின்றன. நம்பர் கிடைத்த பிறகு யார் பொறுப்பு என்று எந்த விளம்பரமும் சொல்வதில்லை. சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

திருப்பூரில் டி-ஷர்ட் தைத்து ஆன்லைனில் விற்கும் ஒரு சின்ன யூனிட்டை எடுத்துக்கொள்வோம். பெங்களூரு ஆர்டர் கூடுகிறது. சரக்கை இ-காமர்ஸ் நிறுவனத்தின் கர்நாடகக் கிடங்கிலேயே இறக்கி வைத்தால் டெலிவரி வேகமாகும். ஆனால் ஜி.எஸ்.டி. பதிவு மாநிலவாரியானது. பான் ஒன்றாக இருந்தாலும் தமிழ்நாட்டுப் பதிவும் கர்நாடகப் பதிவும் சட்டத்தின் கண்ணில் இரண்டு தனி ஆட்கள். சொந்தச் சரக்கைத் திருப்பூரிலிருந்து அங்கே அனுப்புவதற்கும் ஐ.ஜி.எஸ்.டி. (மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான ஜி.எஸ்.டி.) போட்டு பில் போட வேண்டும். கர்நாடகப் பதிவில் கிடங்கைக் கூடுதல் வணிக இடமாகச் சேர்க்கலாம். கணக்குப் புத்தகம் இருக்கும் முதன்மை வணிக இடம் என்று வேறொன்றைக் காட்ட வேண்டும். கிடங்குக்காரர் அதற்கு இடம் தரமாட்டார். அதனால்தான் விர்ச்சுவல் ஆபீஸ் தேடுகிறார்கள்.

ஜி.எஸ்.டி. சட்டத்தில் விர்ச்சுவல் ஆபீஸ் என்ற சொல்லே கிடையாது. அனுமதியும் இல்லை, தடையும் இல்லை. ஆனால் எந்த வணிக இடத்துக்கும் பொருந்தும் கடமைகள் இதற்கும் பொருந்தும். பிரிவு 35-இன்படி கணக்குகள் முதன்மை இடத்தில் கிடைக்க வேண்டும். மின்னணு வடிவில் இருந்தாலும் போதும். விதி 18-இன்படி பதிவுச் சான்றிதழ் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும், நுழைவாயில் பெயர்ப்பலகையில் ஜி.எஸ்.டி. எண் இருக்க வேண்டும். விதி 25-இன்படி அதிகாரி நேரில் வந்து பார்த்து, போட்டோவுடன் ரெக்-30 படிவத்தில் அறிக்கை ஏற்றலாம். அறிவித்த இடத்தில் தொழில் நடக்கவில்லை என்று தெரிந்தால் விதி 21-இன்படி பதிவை ரத்து செய்யலாம். கட்டணம் கட்டும் முன் இந்தக் கடமைகளுக்கெல்லாம் அந்த இடத்தில் வழி செய்து தருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் அடுத்த இடம் பாருங்கள்.

ஆவணம். இங்கேதான் பல விண்ணப்பங்கள், விளக்கம் கேட்டு வரும் ரெக்-03 நோட்டீஸில் போய் நிற்கின்றன. விர்ச்சுவல் ஆபீஸ் நடத்துபவர் பெரும்பாலும் கட்டடத்தின் சொந்தக்காரர் அல்ல, அவரும் வாடகைக்காரர்தான். ஆக உங்களுக்கு வேண்டியது ஒரு சங்கிலி. கட்டட உரிமையாளர் பெயரில் ஈ.பி. பில் அல்லது சொத்து வரி ரசீது. உரிமையாளருக்கும் நடத்துபவருக்குமான ஒப்பந்தம். அதில் உள்வாடகைக்கு விடலாம் என்ற வரி இருக்க வேண்டும். கடைசியாக நடத்துபவருக்கும் உங்களுக்குமான ஒப்பந்தம். நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் “உங்களுக்கு இடம் கொடுக்க இவருக்கு என்ன உரிமை?” என்ற கேள்வி வரும். வெறும் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) மட்டும் கொடுத்து அனுப்பும் இடங்களில் இதுதான் நடக்கிறது.

அந்த ஒப்பந்தத்தில் கேபின் எண்ணோ சீட் எண்ணோ இருக்கட்டும். “மூன்றாவது மாடி” என்று மட்டும் எழுதியிருந்தால், அதே மாடியில் இன்னும் எத்தனையோ ஜி.எஸ்.டி. எண்கள் இருக்கும், அதிகாரியின் சந்தேகம் நியாயமானதே. முகவரியை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். சென்னையில் முகவரி எடுப்பவர்களுக்கு இது தனித் தலைவலி: ஈ.பி. பில்லில் பழைய கதவு எண், சொத்து வரி ரசீதில் புதிய எண், ஒப்பந்தத்தில் இரண்டில் ஏதோ ஒன்று. ஒப்பந்தத்திலேயே “பழைய எண் இது, புதிய எண் இது” என்று இரண்டையும் எழுதிவிட்டால் ஒரு சுற்று நோட்டீஸ் மிச்சம்.

ரெக்-03 வந்தால் 7 வேலை நாளுக்குள் ரெக்-04-இல் பதில் போட வேண்டும். பதில் இல்லாவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். 2025 ஏப்ரல் 17 தேதியிட்ட சி.பி.ஐ.சி. (மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியம்) அறிவுறுத்தல் எண் 03/2025, பட்டியலில் இல்லாத ஆவணங்களைக் கேட்கக் கூடாது, “உங்கள் வீடு வேறு ஊரில் இருக்கிறதே” போன்ற ஊகக் கேள்விகளை எழுப்பக் கூடாது என்று அதிகாரிகளுக்குச் சொல்கிறது. பதிலில் அதை மரியாதையாகச் சுட்டலாம். ஆனால் அது மத்திய அதிகாரிகளுக்கானது; விண்ணப்பம் மாநில அதிகாரியிடம் போயிருந்தால் அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

பலர் கவனிக்காத ஒரு பண இழப்பும் உண்டு. பெங்களூரு முகவரிக்கான கட்டணத்துக்கு 18 சதவீத வரி. உங்கள் தமிழ்நாட்டு ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்தாலும், அசையாச் சொத்து சார்ந்த சேவை என்பதால் மத்திய ஜி.எஸ்.டி.யோடு கர்நாடகத்தின் எஸ்.ஜி.எஸ்.டி.யும் (மாநில ஜி.எஸ்.டி.) சேர்த்தே போடுவார்கள், அதைத் தமிழ்நாட்டுப் பதிவில் உள்ளீட்டு வரியாக எடுத்து, கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியாது. கர்நாடக எண்ணோ இன்னும் கைக்கு வரவில்லை. முதல் ஆண்டு வரி கைநழுவிப்போவது இப்படித்தான். பில்லை எப்போது, எந்த எண்ணில் போடுவார்கள் என்பதை ஒப்பந்தத்துக்கு முன்பே பேசி முடியுங்கள்.

இப்போது எண் வந்தாகிவிட்டது என்று வையுங்கள். அதிகாரி சொல்லாமல் வருகிறார். ரிசப்ஷனில் இருக்கும் பெண்ணிடம் உங்கள் நிறுவனத்தின் பெயரைச் சொல்லிக் கேட்கிறார். “அப்படி யாரும் இங்கே இல்லை சார்” என்று அவர் சொன்னால் கதை முடிந்தது. பொய் சொல்ல வேண்டியதில்லை, பெயர் பழக்கமில்லாததே போதும். ரெக்-30-இல் அந்த வரி ஏறும், பதிவை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று கேட்டு ரெக்-17 நோட்டீஸ் வரும், பதிவு இடைநிறுத்தப்படும். இடைநிறுத்தம் நீடிக்கும்வரை அந்த எண்ணில் வரி பில் போட முடியாது. கிடங்கில் இருக்கும் சரக்கு அப்படியே முடங்கும்.

இதற்கு மருந்து எளிது. ரிசப்ஷனில் ஒரு கோப்பு வையுங்கள்: பதிவுச் சான்றிதழ், ஒப்பந்த நகல், கடைசி மூன்று மாத விற்பனை, கொள்முதல் பட்டியல், உங்கள் செல் எண், உங்களுக்குப் பதிலாகப் பேசக்கூடிய உள்ளூர் ஆள் ஒருவரின் எண். மூன்று மாதத்துக்கு ஒருமுறை யாரையாவது அனுப்பி, உங்கள் நிறுவனத்தின் பெயரைச் சொல்லி விசாரிக்கச் சொல்லுங்கள். பலகையைப் போட்டோ எடுத்து வரச் சொல்லுங்கள். ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதம். முடியும் தேதியை ஒரு மாதம் முன்பே காலண்டரில் குறியுங்கள். இடத்தைக் காலி செய்தால் 15 நாளுக்குள் ரெக்-14-இல் திருத்தம் போட வேண்டும்.

தபாலும் இருக்கிறது. ஜி.எஸ்.டி. சட்டம், பிரிவு 169-இன்படி நோட்டீஸைப் பதிவுத் தபாலில் அனுப்பலாம், மின்னஞ்சலில் அனுப்பலாம், போர்ட்டலில் ஏற்றினாலும் சேர்த்ததாகவே கொள்ளலாம். வந்த கடிதத்தை அன்றே ஸ்கேன் செய்து அனுப்புவதாக ஒப்பந்தத்தில் இருக்கிறதா பாருங்கள். “வாரம் ஒருமுறை” என்று இருந்தால், ரெக்-17-க்கான 7 வேலை நாளில் பாதி மேசையிலேயே கழிந்துவிடும். ரத்தே ஆகிவிட்டால் மீட்க 90 நாளுக்குள் ரெக்-21 விண்ணப்பம் போடலாம். அதற்கும் ரத்தானது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டுமே.

பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் இன்னொரு அடுக்கு. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 12-இன்படி பதிவு அலுவலகம் தபாலைப் பெற்று ஒப்புகை தரக்கூடியதாக இருக்க வேண்டும். தவறினால் நாளுக்கு 1,000 ரூபாய், அதிகபட்சம் 1 லட்சம். ஆர்.ஓ.சி. (கம்பெனிகள் பதிவாளர்) அதிகாரி உள்ளூர்ச் சாட்சிகள் இருவருடன் வந்து பார்க்கவும் விதி இருக்கிறது. கூகுள் மேப்பில் கடையாகக் காட்டுவதற்கு இந்த முகவரியை நம்ப வேண்டாம். தொழில் நேரத்தில் உங்கள் ஆள் அங்கே இல்லாவிட்டால் கூகுளின் விதிப்படியே அது செல்லாது.

இனி விர்ச்சுவல் அசிஸ்டென்ட் விஷயத்துக்கு வருவோம். வீட்டிலிருந்தபடி ஆர்டர், மெயில், பில் பார்த்துக்கொள்ள மணிக்கணக்கிலோ மாதக் கட்டணத்திலோ ஒருவரை அமர்த்துகிறீர்கள். நல்லதுதான். ஆனால் அவசரத்தில் அவருடைய மெயிலையும் செல் எண்ணையும் ஜி.எஸ்.டி. பதிவில் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு எல்லா நோட்டீஸும் ஓ.டி.பி.யும் அவருக்கே போகும். அவர் வேலையை விட்ட நாளிலிருந்து அந்தப் பதிவுக்கு நீங்களே அந்நியர். லாகின் கையில் இருந்தால் நீங்களே மாற்றலாம். அதுவும் இல்லையென்றால் ஆவணங்களைத் தூக்கிக்கொண்டு அதிகாரியிடம்தான் போக வேண்டும். இன்றைக்கே உள்ளே போய் யாருடைய எண் இருக்கிறது என்று பாருங்கள். “கூடுதல் நோட்டீஸ்கள்” என்ற தனிப் பக்கத்தையும் திறந்து பாருங்கள். வழக்கமான நோட்டீஸ் பக்கத்தில் இல்லாதது அங்கே கிடக்கும்.

பாஸ்வேர்டைக் கொடுக்காமலே வேலை வாங்க வழிகள் இருக்கின்றன. சரக்கை எடுத்துச்செல்லத் தேவையான இ-வே பில் போடும் போர்ட்டலில் துணைப் பயனரை உருவாக்கி, பில் உருவாக்குவதை மட்டும் அனுமதிக்கலாம். ஜிமெயிலில் ‘டெலிகேட்’ ஆகச் சேர்த்தால் அவர் மெயில் படிக்கலாம், பதில் எழுதலாம். பாஸ்வேர்டை மாற்ற முடியாது. ஆன்லைன் விற்பனைத் தளங்களிலும் பயனர் அனுமதி என்று தனிப் பகுதி இருக்கிறது. வங்கியில் ஒருவர் பதிவு செய்ய, இன்னொருவர் ஒப்புதல் தரும் வசதியைக் கேளுங்கள். ஒப்புதல் உங்கள் கையில் இருக்கட்டும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை (பென் டிரைவ் போன்ற கருவி) மட்டும் யாருக்கும் தரவே கூடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 42 அதன் சாவியைக் காக்கும் பொறுப்பை உங்கள் தலையில்தான் வைக்கிறது. ஆடிட்டர் ஆபீஸ் மேசை டிராயரில் பத்துப் பதினைந்து டோக்கன்கள் ரப்பர் பேண்ட் போட்டுக் கிடப்பது ஊரறிந்த காட்சி என்றாலும், சரியானது ஆகிவிடாது.

வாட்ஸ்அப் பிசினஸில் அவரை இணைக்கப்பட்ட சாதனமாகச் சேர்த்தால் எல்லா உரையாடலும் அவருக்குத் தெரியும் என்பதை மறக்காதீர்கள். வீட்டு விஷயம் பேசும் எண்ணை அதற்கு வைக்காதீர்கள். உங்கள் போனில் 14 நாள் வாட்ஸ்அப்பைத் திறக்காவிட்டால் அவருடைய இணைப்பு தானாக அறுந்துவிடும். “திடீரென்று வேலை செய்யவில்லை மேடம்” என்று அவர் சொல்வதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

அவர் விலகும் நாளில் வரிசை முக்கியம். முதலில் மீட்பு மெயிலையும் மீட்பு எண்ணையும் மாற்றுங்கள். அது அவர் கையில் இருக்கும்வரை நீங்கள் மாற்றும் பாஸ்வேர்டை எல்லாம் அவரால் திரும்ப மாற்ற முடியும். அடுத்தது மெயில் பாஸ்வேர்ட், பிறகு வாட்ஸ்அப் சாதன இணைப்பு, துணைப் பயனர் கணக்குகள். கடைசியாக, விர்ச்சுவல் ஆபீஸ் ரிசப்ஷனில் வைத்த கோப்பில் அவருடைய எண் இருந்தால் அதையும் அடித்துவிட்டுப் புதியதை எழுதுங்கள்.