நாய்க்குத் தெள்ளுப்பூச்சி மருந்து: மாத்திரையா, சொட்டு மருந்தா?

"டாக்டர், இரண்டில் எது வீரியமானது?" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது, வீட்டில் பூனை இருக்கிறதா என்பதைத்தான். நாய்களின் தோலில் விடும் சில சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறது. நாயின் உடல் அதைச் சிதைத்து வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. நாய்க்கு வாங்கியதில் மிச்சத்தைப் பூனைக்குத் தடவினாலோ, மருந்து காயாத நாயை ஒட்டிப் பூனை படுத்தாலோ நடுக்கம், வலிப்பு என்று தொடங்கி உயிரே போகலாம். தயவுசெய்து உறையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

ஃபிப்ரோனில், இமிடாகுளோபிரிட் போன்ற சொட்டு மருந்துகள் தோலின் எண்ணெய்ப்பசையோடு உடல் முழுவதும் பரவுகின்றன. பூச்சி கடிக்க வேண்டியதில்லை, மருந்து அதன் மேல் பட்டாலே போதும். ஆனால், பலர் மருந்தை முடியின் மேல் ஊற்றிவிடுகிறார்கள். முடியை விலக்கி, நாயின் நாக்குக்கு எட்டாத பிடரிப் பகுதியில், தோலில் படும்படி விட வேண்டும். மருந்து விடுவதற்கு முன்பும் பின்பும் இரண்டு நாள் குளிப்பாட்டாமல் இருப்பது நல்லது. அடிக்கடி ஷாம்பு போட்டால் பலன் குறையும்.

அந்தக் கவலை மாத்திரையில் இல்லை. அஃபாக்ஸோலனர், ஃப்ளூரலானர் வகை மாத்திரைகள் இரத்தத்தில் கலந்துவிடுகின்றன. கடித்த பூச்சி சில மணி நேரத்தில் செத்துவிடும். முன்னது ஒரு மாதத்துக்கும், பின்னது தெள்ளுப்பூச்சிக்கு ஏறத்தாழ 12 வாரத்துக்கும் போதும். நாயைக் கட்டிப்பிடித்து விளையாடும் சிறு குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு நான் மாத்திரையைத்தான் விரும்பிப் பரிந்துரைக்கிறேன். வலிப்பு வந்த நாய்களுக்கு மட்டும் தயங்குவேன். இந்த வகை மருந்துகளால் சில நாய்களுக்கு நடுக்கமும் வலிப்பும் வரக்கூடும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018இல் எச்சரித்தது. பெரும்பாலான நாய்கள் எந்தத் தொல்லையும் இல்லாமல் ஏற்றுக்கொள்கின்றன என்பதும் உண்மை. ஆகவே, உங்கள் நாய்க்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

எதைக் கொடுத்தாலும் இரண்டு வாரம் கழித்து, "பூச்சி இன்னும் இருக்கிறதே, மருந்து போலியா?" என்ற கேள்வி வரும். நாயின் மேல் நாம் பார்க்கும் வளர்ந்த பூச்சிகள் மொத்தத்தில் சுமார் 5 சதவீதம்தான். மற்றவை முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் படுக்கையிலும் தரை இடுக்கிலும் கிடக்கின்றன. பெண் பூச்சி ஒரு நாளில் 40 முட்டைகள்கூட இடும். கூட்டுக்குள் இருக்கும் புழுவைப் பூச்சிக்கொல்லி எளிதில் எட்டாது. மாதக்கணக்கில் காத்திருந்து, உடல் வெப்பத்தையும் அதிர்வையும் உணர்ந்ததும் வெளியே வரும். நாயின் படுக்கையை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவையுங்கள். வீட்டிலுள்ள எல்லா நாய், பூனைகளுக்கும் அவற்றுக்கு உரிய மருந்தைக் குறைந்தது மூன்று மாதம் விடாமல் கொடுங்கள். பெரிய நாயின் மாத்திரையை உடைத்துக் குட்டிக்குக் கொடுக்காதீர்கள். எடையும் வயதும் பார்த்தே அளவு தீர்மானிக்கப்படுகிறது.