பேச்சு ஏன் ஆளுக்கு ஆள் சாய்கிறது?

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "மகள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். ஆபீஸ்காரர்களோடு போனில் பேசினால் 'சரிங்க, சொல்லுங்க, வந்துர்றனுங்க' என்கிறாள். போனை வைத்ததுமே எங்களிடம் 'அங்கிட்டு என்னப்பா பண்றீக' என்கிறாள். இது நடிப்பா, இல்லை ஆளே மாறிவிட்டாளா?"

இரண்டுமே இல்லை. ஏறக்குறைய இதே கேள்வியில் ஆயுளைச் செலவிட்ட உளவியல் பேராசிரியர் ஒருவர் உண்டு: ஹோவர்ட் ஜைல்ஸ். பிரிட்டனில் தனக்கென்று ஒரு மொழி உள்ள வேல்ஸ் பகுதியின் கார்டிஃப் நகரத்துக்காரர். 1971இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று அங்கேயே பேராசிரியரானார். 1989இல் கலிஃபோர்னியாவின் சான்டா பார்பராவுக்குப் போனார். மொழியையும் சமூக உளவியலையும் சேர்த்து ஆராய்வதற்கென்று 1982இல் ஓர் ஆய்விதழையும் தொடங்கினார்.

1970களில் அவர் முன்வைத்த கருத்து எளிமையானது. பேசும்போது நாம் சேதியை மட்டும் சொல்வதில்லை. எதிரில் இருப்பவரிடமிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்க விரும்புகிறோம் என்பதையும் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். பிடித்தவரிடம், அல்லது காரியம் ஆக வேண்டியவரிடம், நம் உச்சரிப்பு, வேகம், இடைநிறுத்தம் எல்லாம் அவர் பக்கம் நெருங்கும். பிடிக்காதவரிடம் விலகும். பெரும்பாலும் இது பேசுகிறவருக்கே தெரியாமல் நடக்கிறது.

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் கால் மணி நேரம் உட்கார்ந்தால் இதைக் காதால் கேட்கலாம். உசிலம்பட்டியிலிருந்து வந்த பாட்டியிடம் விற்பனையாளர், "வாத்தா, இங்கிட்டு உக்காரு. பேத்திக்கா?" என்கிறார். அடுத்து ஏறி வரும் சென்னைத் தம்பதிக்கு, "வாங்க மேடம், பட்டு பாக்குறீங்களா, காட்டனா?" அப்புறம் கூட வேலை பார்க்கிறவரிடம் திரும்பிச் சௌராஷ்டிர மொழியில் விலை கேட்கிறார். இப்படிப் பேசு என்று அவருக்கு யாரும் பயிற்சி கொடுத்திருக்க மாட்டார்கள்.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். கார்டிஃபில் ஒரு டிராவல் ஏஜென்சியில் வேலை பார்த்த பெண்ணின் பேச்சை நிக்கோலஸ் கூப்லண்ட் என்ற மொழியியலாளர் பதிவு செய்தார். 51 வாடிக்கையாளர்கள். சொல்லின் முதலில் வரும் 'ஹ' ஒலியை விழுங்குவது போன்ற சின்னச் சின்ன உச்சரிப்புகளை எண்ணினார். உழைக்கும் வர்க்கத்தினர் வந்தால் அந்தப் பெண்ணும் அவர்களைப் போல் விழுங்கினாள். படித்த உத்தியோகஸ்தர் வந்தால் திருத்தமாக உச்சரித்தாள். வாடிக்கையாளரின் பேச்சைக் கேட்காமல் அவள் பேச்சை மட்டும் கேட்டாலே, எதிரில் இருப்பவர் எந்த வர்க்கம் என்று ஏறக்குறைய சொல்லிவிடலாம்!

நெருங்குவதை விட எனக்கு அதிகம் பிடித்தது விலகுவதுதான். ரிச்சர்ட் பூரியும் ஜைல்ஸும் 1977இல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். வேல்ஸ் மொழியைக் கற்கும் பெரியவர்கள் மொழிக்கூடத்தில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். மொழி கற்பது பற்றிய கணக்கெடுப்பு என்று சொல்லி, மேட்டுக்குடி ஆங்கில உச்சரிப்பில் ஒரு குரல் கேள்வி கேட்கிறது. அவர்களும் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார்கள். நடுவில் அந்தக் குரல், செத்துக்கொண்டிருக்கும் மொழியை, எதிர்காலமே இல்லாத மொழியை எதற்குக் கற்கிறீர்கள் என்று சீண்டுகிறது. அவ்வளவுதான். அடுத்த பதிலில் உச்சரிப்பே மாறிவிட்டது! மொழிப்பற்றால் கற்க வந்தவர்களின் ஆங்கிலத்தில் வேல்ஸ் வாடை தூக்கலாக ஏறியது. சிலர் வேல்ஸ் சொற்களையே நடுவில் போட்டார்கள். ஒருவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கெட்ட வார்த்தை ஒன்றின் வினைமுற்றுகளை வேல்ஸ் மொழியில் மெதுவாக மைக்கில் ஒப்பித்தார். உத்தியோக உயர்வுக்காகக் கற்க வந்தவர்களிடம் இந்த விலகல் இல்லை. ஒரே சீண்டல்தான், யாருக்கு எங்கே வலிக்கிறது என்பதைப் பொறுத்து நாக்கு புரள்கிறது. நம் ஊர்க்காரரை வெளியூரில் யாராவது 'மதுரைக்காரன்தானே' என்று மட்டம் தட்டிப் பார்க்கட்டும். அவர் வாயில் அதுவரை இல்லாத 'அங்கிட்டு', 'இங்கிட்டு' எல்லாம் வந்து விழும்.

சரி, ஊர்ப்பேச்சு பேசினால் மதிப்புக் குறைகிறதா? குறைகிறது. மரண தண்டனைக்கு எதிரான ஒரே வாதத்தை மேட்டுக்குடி உச்சரிப்பிலும் பல வட்டாரப் பேச்சுகளிலும் மாணவர்களுக்குக் கேட்க வைத்தார் ஜைல்ஸ். மேட்டுக்குடிக் குரலில் வந்த வாதமே தரமானது என்று மதிப்பெண் போட்டார்கள். ஆனால் மனம் மாறியது வட்டாரக் குரல்களைக் கேட்டவர்களுக்குத்தான். நேர்முகத் தேர்வுக்கு மதுரைப் பேச்சை மறைக்கச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளர்கள் இந்த இரண்டாம் பாதியைச் சொல்வதே இல்லை. அது எனக்கு ஆத்திரத்தை வரவழைக்கிறது.

ஜைல்ஸ் பின்னாளில் சான்டா பார்பரா காவல்துறையில் ரிசர்வ் அதிகாரியாகவும் பணியாற்றினார். போலீஸ்காரர் நமக்கு ஏற்றபடி பேசுகிறார் என்று மக்கள் உணர்வதற்கும் போலீஸ் மேல் வரும் நம்பிக்கைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார்.

இப்படிப்பட்ட ஆய்வுகளுக்குக் கோடிக்கணக்கில் கருவிகள் வேண்டாம். ஒலிப்பதிவுக் கருவி, அமைதியான அறை, பொறுமையான நாலு மாணவர்கள் போதும். மதுரைப் பல்கலைக்கழகம் 1966இல் தொடங்கியபோது அதன் முதல் துணைவேந்தர் மொழியியல் அறிஞர் தெ.பொ. மீனாட்சிசுந்தரம். தமிழ், சௌராஷ்டிரம், தெலுங்கு என்று தெருவுக்குத் தெரு பேச்சு மாறும் ஊர் இது. இங்கே இந்த ஆய்வுக்குப் பணம் ஒதுக்காமல் வேறெங்கே ஒதுக்குவது?

நானாக இருந்தால் பாம்புக்கடியில் தொடங்குவேன். 'மந்திரிக்கப் போகாதீர்கள், உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்' என்பது இன்றும் சொல்ல வேண்டிய செய்தி. அதை அறிவிப்பாளர் பேசுவது போன்ற தமிழில் சொல்கிறோம். மந்திரிப்பவரோ, "ஒண்ணும் ஆகாதுத்தா, பயப்படாத" என்று கிராமத்தார் பேச்சிலேயே பேசுகிறார். ஒரே ஆளை, ஒரே செய்தியை, ஒரு முறை செய்தி வாசிக்கும் தமிழிலும் மறு முறை உசிலம்பட்டிப் பேச்சிலும் சொல்ல வைத்துப் பதிவு செய்யலாம். மேலூர், பேரையூர், உசிலம்பட்டிக் கிராமங்களில் பாதிப் பேருக்கு ஒன்று, மீதிப் பேருக்கு இன்னொன்று. யார் 'படித்தவர் மாதிரிப் பேசுகிறார்' என்று கேட்க வேண்டாம். பாம்பு கடித்தால் முதலில் எங்கே போவீர்கள் என்று மட்டும் கேட்டால் போதும்.