தடவிப் பார்த்து யானை வாங்காதீர்கள்

இந்த வருடத்தில் இது எனக்கு ஐந்தாவது யானை. போன சனிக்கிழமை லண்டனில் ஓவியங்களைச் சுத்தம் செய்யும் என் பட்டறைக்கு ஒரு யாழ்ப்பாணத்து அண்ணர் அதைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தார். காட்டு விலங்குகளை வரைந்து பேர்பெற்ற ஆங்கிலேய ஓவியர் டேவிட் ஷெப்பர்டின் ஆப்பிரிக்க யானை, கேன்வாஸில், கனத்த தங்க ஃபிரேமோடு. இணைய ஏலத்தில் 4,000 பவுண்டு கொடுத்திருக்கிறார்.

"தடவிப் பாருங்கோ தம்பி, மேடு பள்ளமெல்லாம் இருக்கு. ஒரிஜினல் ஒயில் பெயின்டிங்தானே?"

ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தேன். தந்தம் வளைகிறது, அதன்மேல் இருந்த தூரிகைத் தடம் வளையாமல் குறுக்கே ஓடிக் காதைத் தாண்டி வானத்துக்குள் போகிறது. பத்து மடங்கு லென்ஸை வைத்தால் நீலமும் சிவப்பும் மஞ்சளுமாகப் புள்ளிகள். சரி, அச்சு. மேலே நிறமில்லாத ஜெல்லை யாரோ தூரிகையால் இழுத்துவிட்டிருக்கிறார்கள்.

சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. கேன்வாஸ் என்பது துணி, ஐயா. சேலையில் பூ அச்சடிக்க முடிகிறதென்றால் இதில் யானையை அச்சடிக்க முடியாதா? மேடு இருந்தாலும் அந்த மேட்டில் நிறம் இருக்கிறதா, வெறும் பிசின்தானா என்று பாருங்கள். கையால் தீட்டிய யானையில் வெயில் படும் நெற்றிச் சுருக்கத்தில் வண்ணமே தடித்து நிற்கும், சுருக்கத்தோடு சேர்ந்து வளையும். அதற்கும் தடவத் தேவையில்லை. விரல் பிசுக்கைத் துடைத்தெடுப்பது என் வேலையில் பாதி.

அப்புறம் கையெழுத்து. ஓரத்தில் பென்சில் கையெழுத்தும் ஒரு எண்ணும் இருந்தால், அது அச்சுப் பிரதி என்பதற்குத்தான் சாட்சி. ஷெப்பர்ட் அப்படி ஏராளமாகப் போட்டிருக்கிறார். அச்சு என்றால் மட்டமில்லை. அவருடைய கிழட்டு யானைப் படம் ஒன்றின் அச்சு 1960களில் பிரிட்டனின் 'பூட்ஸ்' மருந்துக்கடைகளிலேயே விற்றது. 1973-இல் 'டைகர் ஃபயர்' என்ற அவருடைய புலிப் படத்தின் பிரதிகளை விற்று வந்த ஒரு லட்சம் பவுண்டுக்கு மேலான பணம் இந்தியப் புலிகளைக் காக்கப் போனது. அச்சை அச்சென்று விற்பவரோடு எனக்குச் சண்டையே இல்லை.

பணம் கட்டுமுன் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்: துணி மடியும் ஓரம், சட்டம், ஆணி, பழைய ஏலச் சீட்டு. அனுப்ப மறுத்தால் விட்டுவிடுங்கள். விவரக்குறிப்பை முழுக்கப் படியுங்கள். ஓவியர் பெயருக்கு முன்னால் 'ஆஃப்டர்' என்றிருந்தால், அவர் படத்தைப் பார்த்து வேறு யாரோ செய்த நகல் என்று ஏலக்காரரே சொல்லிவிட்டார். பிறகு வழக்கும் நிற்காது. தயவுசெய்து அசிட்டோனில் பஞ்சை நனைத்துத் தேய்த்துச் சோதிக்காதீர்கள். அசல் ஓவியமாகவே இருந்தாலும் அதோடு போயிற்று.

அண்ணரிடம் ரசீதைக் கேட்டேன். சின்ன எழுத்தில் அந்தச் சொல் இருந்தது. ஷெப்பர்ட் 2017-இல் காலமானது அவருக்குத் தெரிந்திருந்தது.

"ஆஃப்டர் எண்டா, ஆள் செத்தாப்பிறகு விலைக்கு வந்த படமாக்கும் எண்டு நினைச்சன் தம்பி."