உருண்டு வரும் குண்டு ஏன் பிந்துகிறது?

ஒரு மீட்டர் உயரமுள்ள சாய்தளத்தின் உச்சியிலிருந்து ஒரு இரும்புக் குண்டை உருட்டிவிடுகிறோம். கீழே வரும்போது அதன் வேகம் என்ன? ஆற்றல் அழிவின்மை விதியைப் புதிதாகப் படித்த மாணவர், மேலே இருந்த நிலை ஆற்றலையும் கீழே உள்ள இயக்க ஆற்றலையும் சமமாக வைத்து, விநாடிக்கு 4.43 மீட்டர் என்று எழுதுவார். உண்மையில் 3.74 மீட்டரை ஒட்டித்தான் வரும்.

மீதி எங்கே? "உராய்வில் போய்விட்டது" என்பார்கள். நியாயமாகத் தோன்றும் பதில்தான், ஆனால் தவறு. வழுக்காமல் உருளும் குண்டில், தளத்தைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் அசையாமல் இருக்கிறது. அசையாத புள்ளியில் செயல்படும் விசை ஆற்றலை எடுத்துக்கொள்ள முடியாது. இங்கே உராய்வு செய்தது ஒன்றுதான்: குண்டைச் சுழல வைத்தது. கீழே வந்த குண்டின் ஆற்றலில் ஏழில் இரண்டு பங்கு சுழற்சியில் இருக்கிறது, ஐந்து பங்குதான் முன்னோக்கிய ஓட்டத்தில். குண்டு பெரிதோ சிறிதோ, திண்மக் கோளமாக இருந்தால் இந்தப் பங்கீடு மாறாது. மெல்லிய வளையத்தை உருட்டினால் பாதிக்குப் பாதி. அதனால் வளையம் இன்னும் பிந்தும். அதன் வேகம் விநாடிக்கு 3.13 மீட்டர்தான்.

நிலை ஆற்றல் குறைந்த அளவுக்கு வேகம் கூடும் என்பது விதி அல்ல, விதியின் ஒரு எளிய உதாரணம் மட்டுமே. எல்லா வடிவங்களையும் சேர்த்த மொத்தம் மாறாது என்பதுதான் விதி. இந்த வேறுபாட்டை முதல் வகுப்பிலேயே அழுத்திச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

சரி, குண்டுக்குப் பதில் சொரசொரப்பான தளத்தில் ஒரு மரக்கட்டை வழுக்கி வந்தால்? அப்போது உராய்வு உண்மையிலேயே இயக்க ஆற்றலைக் குறைக்கும். கட்டையும் தளமும் சூடாகும். அந்தச் சூட்டை நாம் உணராததற்குக் காரணம் இருக்கிறது. ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக்கும் ஆற்றலைக் கொண்டு, அதே நீரைச் சுமார் 427 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிவிடலாம்! ஒரு மீட்டர் இறக்கத்தில் என்ன பெரிய சூடு வந்துவிடும்? 1840களில் இயற்பியலாளர் ஜேம்ஸ் ஜூல், கீழிறங்கும் எடைகளால் நீருக்குள் துடுப்புகளைச் சுழற்றி இந்தக் கணக்கை அளந்தார். ஒரு சோதனைக்கு எடைகளை 20 முறை இறக்கியும், வெப்பநிலை ஒரு பாரன்ஹீட் டிகிரிகூட உயரவில்லை. அவ்வளவு சிறிய மாற்றத்தை நம்பகமாக அளந்ததுதான் அவருடைய சாதனை.

அப்புறம் 20ஆம் நூற்றாண்டில் கணக்கு மறுபடியும் இடித்தது. பீட்டா சிதைவில், அதாவது ஓர் அணுக்கரு எலக்ட்ரானை உமிழ்ந்து வேறொரு கருவாக மாறும்போது, வெளிவரும் எலக்ட்ரான்கள் ஒரே ஆற்றலோடு வரவில்லை. கணக்குப்படி இருக்க வேண்டிய ஆற்றலைவிடப் பெரும்பாலும் குறைவாகவே இருந்தது. இயற்பியலாளர் நீல்ஸ் போர் ஆற்றல் அழிவின்மை விதியையே கைவிடத் தயாராக இருந்தார். இன்னொரு இயற்பியலாளரான வோல்ஃப்காங் பவுலி 1930இல், கருவிகளுக்குத் தட்டுப்படாத ஒரு துகள் மீதியைக் கொண்டுபோகிறது என்றார். 1956இல் இயற்பியலாளர்கள் ரைன்ஸும் கோவனும் ஓர் அணு உலைக்கு அருகே கருவிகளை வைத்து அந்தத் துகளைக் கண்டுபிடித்தார்கள். அதுதான் நியூட்ரினோ.