வயல் வேலிக்கு வீட்டு மின்சாரம் கொடுக்காதீர்கள்

கச்சான் காய் பிடிக்கும் காலம் வந்தால், வயரிங் வேலை செய்யும் எனக்கு ஒரே மாதிரியான அழைப்புகள் வரும். “தம்பி, பன்றி ஒரு பாத்தியைக்கூட விடவில்லை. வீட்டிலிருந்து வயர் இழுத்து வேலிக்குக் கரண்ட் கொடுத்துத் தாரும்.” மறுத்துவிடுவேன். நான் மறுத்தால் ஊரில் இன்னொருவர் கட்டிக்கொடுப்பார், அல்லது தோட்டக்காரர் தானே கட்டிக்கொள்வார். அண்மையில் அப்படிக் கட்டிய கம்பியில் செத்தது பன்றியல்ல. இரவில் தன் வயலுக்குத் தண்ணீர் கட்டப் போன பக்கத்து வயற்காரர். வழமையாக நடக்கும் வரம்பால்தான் நடந்தார். இதற்குப் பிறகும் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

பன்றியால் வரும் நட்டம் எனக்குத் தெரியாததல்ல. ஒரே இரவில் மரவள்ளித் தோட்டத்தைக் கிண்டிப் போட்டுவிட்டுப் போகும். கடன்பட்டு விதைத்தவர் விடியற்காலையில் அதைப் பார்த்து நிற்கும் நிலை கொடுமையானது. ஆனால் அந்தக் கோபத்தில் நீங்கள் கட்டும் கம்பி, வந்து முட்டுவது பன்றியா பக்கத்து வீட்டுப் பிள்ளையா என்று பார்க்காது.

எல்லோரும் என்னிடம் சொல்லும் பதில் ஒன்றுதான்: “யானை வேலியிலும் கரண்ட்தானே ஓடுகிறது? அது அடித்துத் தள்ளிவிடுகிறதே தவிர ஆளைக் கொல்வதில்லையே?” இந்த எண்ணம்தான் ஆட்களைக் கொல்கிறது. யானை வேலிக்கு மின்சாரம் கொடுப்பது எனர்ஜைசர் என்ற தனிக் கருவி. பெரும்பாலும் சூரியத்தகட்டில் மின்னேறும் 12 வோல்ட் பற்றரியில் இயங்கும். பல ஆயிரம் வோல்ட்டைத் துடிப்புத் துடிப்பாக அனுப்பும், உண்மைதான். ஆனால் ஒவ்வொரு துடிப்பும் ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே நீடிக்கும். அடுத்த துடிப்பு வர ஏறக்குறைய ஒரு வினாடி ஆகும். அந்த இடைவெளியில் கையை எடுத்துவிடலாம்.

வீட்டு மின்சாரம் 230 வோல்ட்தான். ஆனால் அதற்கு இடைவெளியே இல்லை. பத்து மில்லி அம்பியர் அளவு உடலில் ஓடினாலே கைத்தசை இறுகி, பிடித்த கம்பியை விட முடியாமற்போகலாம். ஐம்பது, நூறு என்று ஏறினால் இதயத் துடிப்பே குழம்பிவிடும். ஈர வயலில் வெறுங்காலுடன் நிற்பவரின் உடலில் இருநூறுக்கு மேல் ஓடலாம். வோல்ட் குறைவு என்பதால் ஆபத்தும் குறைவு என்று யாரும் என்னிடம் வாதாட வராதீர்கள்.

அடுத்தது பல்ப் கதை. “வேலிக்குப் போகும் வயரின் நடுவில் நூறு வாட் குண்டு பல்ப் ஒன்று போட்டிருக்கிறேன், கரண்ட் குறைந்துதான் வரும்” என்கிறார்கள். நூறு வாட் பல்ப் 400 மில்லி அம்பியருக்கு மேல் தன்னூடாகப் போக விடும். நாற்பது வாட் பல்ப் போட்டாலும் ஓர் ஆளைக் கொல்லத் தேவையானதைவிட அதிகம் வரும். அந்தப் பல்ப் உங்கள் மனதுக்கு ஆறுதல், வேறொன்றுமில்லை.

மின்சாரம் கசிந்தால் தானாகவே இணைப்பைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் காப்பாற்றும் என்றும் சிலர் நம்புகிறார்கள். வீட்டில் பூட்டும் ட்ரிப், 30 மில்லி அம்பியர் கசிந்தாலே விழுந்துவிடும். வேலிக் கம்பியில் புல் முட்டினால், மழை பெய்தால், அது ஓயாமல் விழும். உடனே என்ன செய்கிறார்கள்? ட்ரிப்புக்கு முன்னாலேயே இணைப்பை எடுக்கிறார்கள், இல்லையென்றால் ட்ரிப்பையே கழற்றிவிடுகிறார்கள். பிறகு வேலி மட்டுமல்ல, மனைவி பிள்ளைகள் இருக்கும் வீடும் காவலின்றிக் கிடக்கிறது. மின்மானியைப் பார்க்கப் போன வீடுகளில் இதைக் கண்டு நான் சத்தம் போட்டதுண்டு.

வன்னியில் கண்ணிவெடி அகற்றியவர்கள் மண்டையோட்டுப் பலகை நட்டு, சிவப்பு நாடா கட்டி, இங்கே கால் வைக்காதே என்று ஊருக்குக் காட்டினார்கள். உங்கள் கம்பிக்கு அந்தப் பலகைகூட இல்லை. மாட்டைத் தேடி வருபவருக்கும் விறகுக்குப் போகும் பெண்ணுக்கும் என்ன தெரியும்? “விடியுமுன் நிறுத்திவிடுவேன்” என்பீர்கள். ஒரு நாள் அயர்ந்து தூங்கிவிட்டால்?

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். கவனயீனமான செயலால் ஓர் உயிர் போனால், 1883ஆம் ஆண்டின் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 298ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டுகள்வரை சிறை கிடைக்கலாம். யாரும் சாகாவிட்டாலும், பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிக்கும்படி நடப்பதே தனிக் குற்றம். “பன்றிக்குத்தான் கட்டினேன்” என்று சொல்லித் தப்ப முடியாது.

யாராவது கம்பியில் சிக்கிக் கிடப்பதைக் கண்டால் ஓடிப்போய்த் தூக்காதீர்கள். தூக்கப் போனவரும் சேர்ந்து சாவது இப்படித்தான். முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். எங்கிருந்து வயர் வருகிறது என்று தெரியாவிட்டால் விலகி நின்று மின்சார சபையின் 1987ஐ அழையுங்கள். மழைக்கால வயலில் காய்ந்த தடி தேடிக்கொண்டிருக்க வேண்டாம், அங்கே காய்ந்ததாக எதுவும் கிடைக்காது. மின்சாரம் நின்றது உறுதியான பிறகு, மூச்சில்லையென்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். அம்புலன்ஸுக்கு 1990. எழுந்து நடக்கிறார் என்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், இதயத்தைப் பார்க்க வேண்டும்.

அயலில் இப்படி வேலி இருப்பது தெரிந்தும் பேசாமல் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உறவு கெட்டுவிடும் என்று தயங்குகிறீர்கள், விளங்குகிறது. இன்று மாலையே போய் அவரிடம் நேரில் சொல்லுங்கள். கேட்காவிட்டால் மின்சார சபைக்கோ கிராம அலுவலருக்கோ தெரிவியுங்கள். வீட்டில் இருக்கும் அம்மாமாரே, வயர் உங்கள் வீட்டுப் பிளக்கிலிருந்து போகிறதென்றால், அதைப் பிடுங்கி வைக்க உங்களால் முடியும்.

மின்வேலிதான் வேண்டுமென்றால் முறையான எனர்ஜைசர் வாங்குங்கள். நாலைந்து தோட்டக்காரர் சேர்ந்து வாங்கினால் செலவு பகிரப்படும். எச்சரிக்கைப் பலகையைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதித் தொங்கவிடுங்கள். அதைப் பூட்டித்தரக் கூப்பிட்டால் வருகிறேன். கூலி பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.